மேல் வரிசையின் கைகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. சேஷாத்ரிக்குப் பொய் சொல்லும் தெம்பு போய் வெகுகாலமாயிற்று. அவருக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

கல்கத்தா மைதானத்தில் ஒரு சின்னக் கால்பந்து கிளப். பதினோரு வருஷமாக அவர்தான் செயலாளர். உளுத்துப்போன மரப்பலகை கேலரி. எந்த ஆட்டத்திலும் அவர் பந்தைப் பார்த்ததில்லை. பலகை எப்போது முறியுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நியூ டவுனில் புது மைதானம் கிடைக்கும் என்றானதும், இடம் மாறலாமா என்று ஓட்டெடுக்க மெம்பர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். மாறிவிட்டால் அந்தப் பயம் விடும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன ஜூலை, ஞாயிற்றுக்கிழமை. கிளப் டென்ட் ஒழுகியது. கேலரியிலேயே குடை பிடித்து உட்கார்ந்தார்கள்.

“மைதானத்தை விட்டுட்டா அப்புறம் என்னடா கிளப்பு? பேர்ப்பலகையைத் தூக்கிண்டு அலையற கூட்டம்!” என்றார் காளிகாட் வைத்தீஸ்வரன். வயது எழுபத்தாறு.

“மாமா, இங்க பாத்ரூமுக்குக் கதவே இல்ல. நீங்க உள்ள போனா நான்தானே வாசல்ல குடையை விரிச்சுண்டு நிக்கறேன்!” என்றான் இளைய மெம்பர் மது.

சிரித்தார்கள்.

மணி 4.10. இங்கேயே இருக்கலாம் என்றவர்கள் கை தூக்கினார்கள். முப்பத்திரண்டு.

4.14. போகலாம் என்றவர்கள். சேஷாத்ரி பேனாவை நீட்டி, கீழிருந்து மேலாக எண்ணினார். முப்பத்தொன்று... மேல் வரிசையில் இன்னும் சிலர். கண்ணாடியெல்லாம் மழை. முகம் தெரியவில்லை.

அவர்களிடம் குடை இல்லை.

சட்டை நனையவும் இல்லை.

முப்பத்தொன்பது.

“போறோம்” என்றார். எல்லோரும் எழுந்தார்கள். பலகைகள் கிரீச்... கிரீச்...

மேல் வரிசை மட்டும் சத்தம் போடவில்லை.

டாக்குரியாவில் தன் வீட்டில், இரவு 7.40க்கு வருகைப் பதிவேட்டைப் பிரித்தார். ஓட்டுப் போடாத அவரை விட்டுவிட்டால் கையெழுத்து அறுபத்து மூன்று. ஓட்டு எழுபத்தொன்று.

மது எடுத்திருந்த வீடியோவை வாங்கிப் பார்த்தார். முப்பத்தொரு கை. அதற்குப் பிறகும் அவர் பேனா நகர்கிறது. வெறும் பலகையை நோக்கி.

எட்டு முறை.

வைத்தீஸ்வரனைப் போனில் கூப்பிட்டார்.

“நீங்கதான் ஜெயிச்சேள், ஒரு கையிலே. மேல் வரிசையிலே எட்டு கை... இல்லாததை எண்ணிட்டேன்.”

வைத்தீஸ்வரன் வீட்டு டி.வி. சத்தம் நின்றது.

“எண்பத்தொண்ணுல அந்த வரிசைதான் சரிஞ்சுது. எட்டு பேர் போயிட்டா. நீ அப்போ தன்பாத்ல இருந்தே.”

“மினிட்ஸ்ல தீர்மானத்தை மாத்திடவா?”

“வேண்டாம். நாப்பத்து நாலு வருஷமா அந்தப் பலகையிலேயே உக்காந்திருக்கா. அவாளும் போகட்டும்.”

மாற்றவில்லை. கிளப் இடம் மாறிற்று.

இந்த மார்ச்சில் நியூ டவுனில் முதல் ஆட்டம். காங்கிரீட் கேலரி. சேஷாத்ரி முதல்தடவையாகப் பந்தைப் பார்த்தார். 4.17க்கு இடைவேளை. எல்லோரும் டீ குடிக்க எழுந்தார்கள். ஆள் எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும் நாற்காலிகள். டப்... டப்... டப்... என்று வரிசை வரிசையாக மடிந்தன.

மேல் வரிசையில் எட்டு மடியவில்லை.

அந்த வரிசைக்கு டிக்கெட் விற்கவே இல்லை என்று மது பிறகுதான் சொன்னான்.