அக்னி மூலையில் ஒரு தெர்மோஸ்டாட்

கடலூர் முதுநகரில் எலக்ட்ரீஷியன் இளவரசு என்றால் ரயில்வே கேட்டிலிருந்து துறைமுகம் வரைக்கும் தெரியும். சொந்தத்தில் சொல்ல வேண்டுமானால் மங்கலம்பேட்டை ஆண்டியின் பேரன், வைத்திலிங்கத்தின் நடுப்பிள்ளை. அந்த வைத்திலிங்கம் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போன வீட்டிலேயே பெண்ணும் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவர். அதனால் அந்தக் குடும்பத்துக்குக் கரண்டும் கல்யாணமும் சேர்ந்தே வருவது வழக்கம்தான்.

இளவரசு கட்டியது சிதம்பரத்துச் சௌந்தரத்தை. சௌந்தரத்துக்கு ஒரே தம்பி, செம்பியன். மஸ்கட்டில் பல வருஷம் இருந்து சம்பாதித்து, அண்ணாமலை நகர் போகிற வழியில் மாடி வீடு கட்டியவன். இந்த மச்சினனும் மாமனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை என்று சொல்ல முடியாது. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் வருவார், உட்காருவார், சாப்பிடுவார். பேச்சு மட்டும் சௌந்தரம் வழியாகப் போகும். "அக்கா, அந்த ஆளுக்கு ரசம் ஊத்தச் சொல்லு" என்பான் செம்பியன். அந்த ஆள் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருப்பான்.

காரணம் செம்பியனின் கல்யாணம். மேல்பட்டாம்பாக்கத்தில் பெண் வீட்டில் விடியற்காலை முகூர்த்தம். லைட்டு செட்டெல்லாம் இளவரசு பொறுப்பு. வாசல் அலங்கார வளைவையும் சமையல்கட்டு கிரைண்டரையும் ஒரே ஃபியூஸில் கோத்திருந்தான். கெட்டிமேளம் தொடங்கவும் பின்னால் யாரோ சட்னி அரைக்க கிரைண்டரைப் போட்டார்கள். பந்தலே இருட்டாகிவிட்டது. நல்ல நேரம் தவறக் கூடாது என்று பெரியவர்கள் கத்த, செம்பியன் தடவித் தடவித் தாலி கட்டினான். வெளிச்சம் வந்து பார்த்தால், தாலிக் கயிற்றோடு மாலை நாரையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தான். தாலிகிட்ட கத்திரிக்கோல் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெண் மங்கலம் அன்றைக்குப் பொழுது சாய்கிற வரைக்கும் மாலையோடேதான் சாப்பிட்டாள், மாலையோடேதான் வேன் ஏறினாள். வாடிய ரோஜா இதழ் இலையில் விழ விழ அவள் சாம்பார் சாதம் சாப்பிட்டதை ஊரே பார்த்தது. அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

இதுவரைக்கும் அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இப்போது இளவரசு மகள் சத்யப்பிரியாவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தாலி கட்டுவதற்கு முன்னால் பெண் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன். தாய்மாமன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் கட்டலாம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். கட்டினால் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். செம்பியனோ, "எனக்கு அங்க என்ன வேலை?" என்று யாரிடமோ சொன்னதாக, யாரோ சௌந்தரத்திடம் சொன்னார்கள். இளவரசுக்குத் தூக்கம் போயிற்று. மகள் தன் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. "மாமா வருவாரு இல்லப்பா?" என்று மட்டும் ஒரு நாள் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மங்கலம் சௌந்தரத்துக்குப் போன் செய்தாள். அவள் மகள் அனுப்பிரியா புருஷனோடு கனடாவில் இருக்கிறாள். தை மாதம் வந்தபோது சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். தெர்மோஸ்டாட் என்று பேர். சுவரில் மாட்டிவிட்டால் வீட்டில் எவ்வளவு சூடு என்று பார்த்து, அதுவே ஏசியைப் போடும், நிறுத்தும். கனடாவிலிருந்து போனிலேயே கூட்டலாம், குறைக்கலாம். செம்பியன் வீட்டு ஹாலில் சீலிங்குக்குள் ஒளித்துவைத்த பெரிய ஏசி ஒன்று உண்டு. கரண்டு பில்லுக்குப் பயந்து அதை அவன் போடுவதே இல்லை. அப்பா கத்திரி வெயிலில் வேகக் கூடாதென்று மகள் பார்த்த வழி இது. ஏசிக்காரர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது இந்த ஊர் மெஷினுக்குச் சேராது என்று மூடிவைத்துப் போய்விட்டார்.

"அண்ணன் வந்து மாட்டிக் குடுத்தா தேவல. அவரு சொல்லச் சொல்லல அண்ணி. நானாத்தான் சொல்றேன்" என்றாள் மங்கலம். பின்னாலிருந்து செம்பியன், "புதன்கெழம நல்ல நேரம் இருக்குன்னு சொல்லு" என்றது போனில் நன்றாகவே கேட்டது.

புதன்கிழமை காலையில் இளவரசும் சௌந்தரமும் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். ஒரு பையில் டிரில்லிங் மெஷினும் சாமானும். இன்னொரு பையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை. ஆலப்பாக்கம் தாண்டியதிலிருந்து சௌந்தரம் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். தம்பி என்ன சொன்னாலும் சரி என்று சொல்ல வேண்டும். தெரிந்தாலும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. வேலை முடிந்து, அவன் மனசு குளிர்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் பத்திரிகை வைக்க வேண்டும்.

"வாய மட்டும் தொறக்காதீங்க. பொண்ணு கல்யாணம்" என்றாள் இறங்கும்போது.

செம்பியன் சோபாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இளவரசு கருவியைப் பிரித்துப் பார்த்தான். நம் வீட்டு லைன் கரண்டை அது தாங்காது. இருபத்து நாலு வோல்ட்தான் கேட்கும். அதை மங்கலம் போனில் அனுப்பிய படத்திலேயே பார்த்துத் தெரிந்துகொண்டு, கரண்டைக் குறைக்கச் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றும், ஏசியைப் போட்டு நிறுத்த ரிலே ஒன்றும் கையோடு வாங்கி வந்திருந்தான். சிவப்பு ஒயர் கரண்டுக்கு, மஞ்சள் குளிருக்கு, பச்சை ஃபேனுக்கு, நீலம் திரும்பிப் போவதற்கு. வெள்ளை ஒயர் எதற்கென்று பார்த்தால், வீட்டைச் சூடாக்குவதற்காம். சிதம்பரத்தில், சித்திரை மாதத்தில். இளவரசு அந்த ஒயரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, டேப் சுற்றி மடக்கி வைத்தான்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் வந்தது வினை. வெயில் படாத, அடுப்பு அண்டாத, ஹாலின் நடுச்சுவர்தான் அதற்குத் தோது. இளவரசு அங்கே பென்சிலால் புள்ளி வைத்தான்.

"அக்கா, சூட்டுக்கு உண்டான பொருள் அக்னி மூலையிலதான் இருக்கணும்னு அந்த ஆளுக்குத் தெரியாதா, கேளு" என்றான் செம்பியன்.

வீட்டுக்குத் தென்கிழக்குதான் அக்னி மூலை. சமையல்கட்டு முறைப்படி அங்கேதான் இருந்தது. ஹால் பக்கத்துச் சுவரில் மாட்டினால், அதே சுவருக்கு அந்தப் பக்கம் மங்கலத்தின் கேஸ் அடுப்பு. ஒற்றைச் செங்கல் சுவர். இளவரசு தொட்டுப் பார்த்தான், இட்லி வெந்த சூடு இன்னும் இருந்தது. வாயைத் திறந்தான். சௌந்தரம் இருமினாள். மூடிக்கொண்டான்.

ரசமட்டம் வைத்துப் பார்த்து, துளை போட்டு, செம்பியன் சொன்ன இடத்திலேயே நேராக மாட்டினான். அவன் செய்த வேலையில் அதுபோல் சுத்தமான வேலை கிடையாது என்று பிற்பாடு சொன்னார்கள். மங்கலம் கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். நல்ல நேரத்தில் கரண்டு கொடுத்தான். எண் பளிச்சென்று எரிந்தது. கனடாவில் அப்போது நடுநிசி. அனுப்பிரியா தூக்கக் கலக்கத்தோடு வீடியோவில் வந்து, "சூப்பர் மாமா" என்றாள். சூட்டை இருபத்திரண்டில் வைத்தாள். அப்பா தொட்டுக் கெடுத்துவிடுவார் என்று அங்கிருந்தே ஒரு பூட்டும் போட்டாள். போன் சத்தத்தை அடக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

"அக்கா, நல்ல நேரத்துல ஆரம்பிச்சது. வெளக்கு வக்கிற வரைக்கும் நிக்கக் கூடாது. இந்த வீட்டுலயாவது அந்த ஆள் கையால கரண்டு போவாம இருக்கட்டும்" என்றான் செம்பியன்.

அந்தச் சொல் இளவரசுக்கு எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. இனி இந்த வீட்டில் ஒரு சுவிட்சைக்கூட என் கையால் அணைக்க மாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டான்.

நாத்தனாரும் அவள் புருஷனும் வந்திருக்கிறார்கள் என்று மங்கலம் ஆட்டுக்கால் வாங்கி வைத்திருந்தாள். அது அடுப்பில் ஏறியது. ஆட்டுக்கால் சீக்கிரம் வேகிற சாமானில்லை. சுவர் காய்ந்தது. கருவி முப்பத்து நாலு என்றது. பிறகு முப்பத்தாறு என்றது. வீடு பற்றி எரிகிறது என்று நினைத்துக்கொண்டு, சீலிங்குக்குள் இருந்த ஏசி உள்ளதையெல்லாம் ஊதித் தள்ளியது.

முதலில் எல்லோருக்கும் சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மங்கலம் முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். பிறகு பீரோவிலிருந்து மஸ்கட் கம்பளி வந்தது. குடத்துத் தண்ணீரைக் குடித்தால் பல் கூசியது. வெளியே கத்திரி வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்க, ஹால் ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் தண்ணீர் கோத்து வடிந்தது. தபால்காரர் அருள்முருகன் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்க உள்ளே வந்தவர், "அப்பாடா" என்று உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனார். அனுப்பிரியாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

செம்பியன் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான். அக்னி மூலை தப்பு என்று அவன் எப்படிச் சொல்வான்? இளவரசும் அசையவில்லை. வந்த விருந்தாளி முதலில் எழுந்து போனால், பட்டமும் அவனோடு போய்விடும். பெண்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கவலை இல்லை. ஆட்டுக்காலைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு, வெயில் காய மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள்.

ஹாலில் இரண்டு பேர் மட்டும். நடுவில் பேச ஆள் இல்லை.

செம்பியன் எழுந்து போய் மெயினை அணைத்திருக்கலாம். ஆனால் மஸ்கட்டில் ஒரு தடவை கரண்டு அடித்ததிலிருந்து அவன் சுவிட்சு போர்டைத் தொடுவதில்லை. ஃபேன் போட வேண்டுமானாலும் மங்கலத்தைக் கூப்பிடுவான். இப்போது மாடியைப் பார்த்துக் கூப்பிட்டான். பதில் இல்லை. டிவியைப் பார்த்து, "யாராவது அந்த ஆளுகிட்டச் சொன்னா தேவல" என்றான். டிவி ஓடவே இல்லை. கடைசியில் எழுந்து போய், சந்தனம் வைத்திருந்த அந்தக் கருவிக்கு முன்னால் நின்றான்.

"இந்தா. அந்த ஆளுகிட்ட நிறுத்தச் சொல்லு" என்றான் அதனிடம். அது முப்பத்தேழு என்றது.

இளவரசுக்குச் சிரிப்பு வந்தது. பல் கிட்டிப் போயிருந்ததால் வெளியே வரவில்லை.

செம்பியன் திரும்பினான். குல்லாவுக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது. "மாமா, முடியல மாமா. நிறுத்துங்க" என்றான்.

"நான் அணைக்க மாட்டேன் மச்சான். சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றான் இளவரசு. அப்படியே அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்து வந்துவிட்டது. "எம் பொண்ணுக்குப் பட்டம் கட்ட வருவியா, மாட்டியா? அதச் சொல்லு."

"எவன் சொன்னான் வரமாட்டேன்னு? எனக்கு அங்க என்ன வேலன்னு சொன்னேன். ஒரு தாய்மாமன அப்பங்காரன் வாயால கூப்பிடணுமா இல்லியா? அக்கா சொல்லி நான் வந்தா, பந்திக்கு வந்தவன்தானே?" என்றான் செம்பியன். 

இளவரசு எழுந்தான். நேராகச் சமையல்கட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தான். சுவர் ஆறுவதற்கு நேரமாகும். ஃபிரிட்ஜைத் திறந்து, ஜில்லென்ற பால் பாக்கெட் ஒன்றை எடுத்துவந்து கருவியின் மேல் அழுத்திப் பிடித்தான். எண் இறங்கியது. முப்பது, இருபத்தாறு, இருபத்தொன்று. ஏசி பெரிய ஏப்பம் மாதிரி ஒரு சத்தம் விட்டு நின்றது. சுவிட்சை யாரும் தொடவில்லை, சத்தியமும் கெடவில்லை.

"இத இப்படியே புடி. எடுத்தா திரும்ப ஓடும்" என்று பாக்கெட்டை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்தான். வெற்றிலை பாக்கு பழம் வேட்டி வைத்து, மேலே பத்திரிகையை வைத்து, குளிரில் விறைத்த இரண்டு கையாலும் நீட்டினான்.

"மச்சான், ஆவணியில சத்யாவுக்குக் கல்யாணம். நீதான் வந்து பட்டம் கட்டணும்."

செம்பியன் ஒரு கையை நீட்டினான். தாம்பாளத்தை ஒற்றைக் கையால் வாங்குகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பாக்கெட்டைப் பார்த்தான். மாமனைப் பார்த்தான். பாக்கெட்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பால் தரையில் விழுந்து உடைந்து ஓடியது. மேலே ஏசி மறுபடியும் உறுமத் தொடங்கியது. மாடியிலிருந்து இறங்கி வந்த பெண்கள் இரண்டு பேரும், பால் கொட்டிய தரையில் இரண்டு ஆம்பிளைகள் தாம்பாளத்தை நடுவில் வைத்துக்கொண்டு மச்சினன் குல்லாவை மாமன் சரிசெய்துகொண்டு நிற்பதைத்தான் பார்த்தார்கள்.

கருவியை இடம் மாற்ற செம்பியன் கடைசி வரைக்கும் சம்மதிக்கவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து, அடுப்பை எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொண்டான்.

ஆவணியில் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட்டான். மறுநாள் மேடையில் சத்யப்பிரியா நெற்றியில் பட்டம் கட்டும்போது அது கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஐயர் சரிசெய்யக் கை நீட்டினார். அப்படியே இருக்கட்டும், மாமா கட்டியது என்று பெண் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.