தேதி தாண்டிய வண்டி

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் என் வேலை, பழுது பார்த்து முடித்த சரக்கு வேகன்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்து ‘ஃபிட்’ கொடுப்பது. நான் ஃபிட் என்றால் வேகன் ஓடும். ‘சிக்’ என்றால் யார் வந்து நின்றாலும் அது தனியாக ஒரு தண்டவாளத்தில் போய் ஒதுங்கிக்கொள்ளும். இந்த வேலையில் நல்ல பெயர் எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். முசுடு என்று பெயர் எடுத்தேன். அச்சில் தலைமுடி மாதிரி ஒரு கீறல் தெரிந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். கத்துவார்கள், நானும் கத்துவேன். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டவர்களில் பாதிப் பேர் விட்டது தொல்லை என்கிற சந்தோஷத்தில்தான் போட்டார்கள்.

ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் அடுத்த ஓவர்ஹால் எப்போது என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அந்தத் தேதி வந்தால் வேகன் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிவிட வேண்டும். எல்லையில் ஏதாவது என்றால் ராணுவத்துக்கு நிறைய வேகன் வேண்டியிருக்கும். அப்போது, இந்த ஒரு தடவை தேதியைத் தள்ளிப் போட்டால் என்ன என்று யாராவது ஒருவர் வாயைத் திறப்பார். பெயிண்டை மாற்றி அடித்தால் அச்சுக்கு வயது குறைந்துவிடுமா என்று கேட்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். தேதி தாண்டிய வண்டி ஒன்றுகூட என் கையால் வெளியே போனதில்லை. இந்த ஒரு கர்வம் எனக்கு உண்டு. உண்டு என்று இப்போது சொல்லலாமா, தெரியவில்லை.

என் ஒரே மகன் ராணுவத்தில் லாரி டிரைவர். துப்பாக்கியோடு முன்னால் நிற்பவன் இல்லை. அப்படி நிற்பவர்களுக்கு அரிசி, டீசல், மண்ணெண்ணெய், குண்டு எல்லாவற்றையும் மலைமேல் கொண்டு சேர்ப்பவன். ஒரு லாரிக்கு இரண்டு பேர் என்பது அவர்கள் வழக்கம். ஒருவன் ஓட்டுவான், இன்னொருவன் பேசிக்கொண்டே வருவான். பேசுகிறவனுக்கு அதுதான் வேலை. ஓட்டுகிறவனைத் தூங்கவிடக் கூடாது. பாதி வழியில் இடம் மாறிக்கொள்வார்கள். என் மகனுக்கு வாய்த்த ஜோடி ஒரு லால்குடிக்காரர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் இந்த இரண்டு பேரும் நெத்திலிக் கருவாட்டுக்குக் கத்தரிக்காயா வாழைக்காயா என்று சண்டை போட்டுக்கொண்டு போவார்களாம். அதைக் கேட்டு நானும் என் மனைவியும் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

மேலே போன படை ஒரு குளிர்காலத்துக்கு என்று போனது. போனது இறங்கவே இல்லை. அதற்குள் இன்னொரு எல்லையில் பதற்றம் என்றார்கள், அங்கேயும் லாரியும் ஆளும் போயின. நடுவில் சில வருஷம் புதிதாக ஆள் எடுக்கவும் இல்லை. முன்னால் ஒருவனை நிறுத்துகிறவர்கள், அவன் சாப்பிட வேண்டுமே, அதைத் தூக்கிக்கொண்டு போகிறவன் தூங்க வேண்டுமே என்று யோசிக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். சின்னப் போர்வையை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் கால் தெரிகிறது. கடைசியில் லாரி இருந்தது, டிரைவர் இல்லை. ஜோடிகளைப் பிரித்து ஆளுக்கு ஒரு லாரி கொடுத்துவிட்டார்கள்.

“பேச ஆள் இல்லப்பா. நானே பேசிக்கிறேன்” என்று போனில் சொன்னான்.

ஒர்க்‌ஷாப்பில் என்னோடு இருந்த ஒருவர் முன்னாள் ராணுவம். கடல் தாண்டித் தீவுக்கு அமைதி காக்கப் போன படையில் போனவர். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்னதால் ஒரே ஒரு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு போனாராம். வருஷக்கணக்கில் அங்கே கிடந்தார். யாரைக் காப்பாற்றப் போனோம், யார் நம்மைச் சுடுகிறார்கள் என்று கடைசிவரை புரியவில்லை என்பார். “போறதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. எப்ப வரதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல” என்று டீ குடித்துக்கொண்டே சொல்லுவார். நானும் டீ குடித்துக்கொண்டே கேட்டேன். ஊர்க்கதை கேட்பது போலத்தான் கேட்டேன்.

மகன் வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறேன் என்றான். லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு என்றான், சித்திரைத் தேருக்கு என்றான். ஒவ்வொரு தடவையும் என் மனைவி மாவு அரைத்து வைத்து, புளித்த பிறகு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். ஆடிப்பெருக்கு முடிந்த பிறகு ஒருநாள் எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினான். ஆட்டோக்காரர்தான் அவனை எழுப்பினார்.

வந்தவன் தூங்கினான். முடிவெட்டப் போய் நாற்காலியில் தூங்கினான். பல் தேய்க்கப் போனவன் குழாயடியில் சுவரில் சாய்ந்து தூங்கினான். தூக்கத்தில் வலது கால் திடீரென்று தரையை அழுத்தும். பிரேக் போடுகிறான். அழுத்திவிட்டு நடுங்கி எழுந்து உட்காருவான். அப்புறம் என்னைத் தேடுவான்.

“அப்பா, நீங்க முழிச்சிருக்கீங்கல்ல?”

“இருக்கேம்ப்பா. நீ தூங்கு.”

“ஏதாவது பேசிக்கிட்டே இருங்க.”

நான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வேகன், பஃபர், பிரேக் பிளாக் என்று எனக்குத் தெரிந்ததைப் பேசுவேன். என் குரல் கேட்கிறவரைதான் அவனுக்குத் தூக்கம் வந்தது. பேசிக்கொண்டே அவனைப் பார்ப்பேன். காலமெல்லாம் பார்த்த பார்வை, மாற்ற முடியுமா? கண்ணுக்குக் கீழே கறுப்பு. விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன. இவன் ஒரு வேகனாக இருந்திருந்தால் தூரத்திலிருந்தே சிக் போட்டிருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை.

அவன் நல்லபடியாக வந்தால் ரங்கநாதரைச் சேவிக்கக் கூட்டி வருவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கம் போனோம். வரிசை நகர்ந்தது, இவன் நகரவில்லை. நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற ஓர் அம்மா, “சேவிக்க வந்துட்டு இப்படித் தூங்கறாரே” என்றார். என் மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அந்த அம்மா அப்புறம் பேசவில்லை. பெருமாள் முன்னால் மகனைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றேன். அவனை அங்கே திருப்பி அனுப்பாதே என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மதியச் சாப்பாடு சகலை வீட்டில். என் மனைவியின் அக்காள் கணவர், அங்கேயே உத்திர வீதியில் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் டிவியில் நான்கு பேர் கத்தினால் ஐந்தாவது ஆளாக இவரும் கத்துவார். அன்றைக்கும் டிவியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“பேசிக்கிட்டே இருந்தா ஆகாதுங்க சகலை. உள்ள பூந்துடணும். நாலே நாளு, முடிச்சிட்டு வந்துடலாம்” என்றார்.

“வந்துடலாமா? யாரு வருவா?”

“என்ன இப்படிக் கேக்கறீங்க? நம்ம கிட்ட இல்லாத ஆளா? ஏன்டா, நீ சொல்லு. போனா எத்தனை நாள்ல முடிப்பீங்க?”

மகனைப் பார்த்தேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்த கை இலையிலேயே கிடந்தது. தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. சகலை இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்புறம் ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார். எனக்கு வந்த கோபத்துக்கு நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். மனைவி கண்ணைக் காட்டினாள், அடக்கிக்கொண்டேன். அவரைச் சொல்லி என்ன? அவர் சொல்லியா படை போகிறது?

மறுநாள் லால்குடியிலிருந்து அந்த ஜோடிக்காரரின் மனைவி வந்தார். ராணுவத்தில் ஒரு பழக்கம் உண்டு. லீவில் வந்து திரும்புகிறவன், பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்தெல்லாம் பலகாரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெண் ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டையும் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்திருந்தார். கூடத்தில் மகன் தூங்குவதைப் பார்த்ததும் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்.

“எழுப்பட்டுமாம்மா?” என்றேன்.

“வேணாம்ப்பா, அண்ணன் தூங்கட்டும். இவரு வேலையையும் சேத்து எங்க வீட்டுக்காரருதான் பாக்குறாரு. இவரு திரும்பிப் போனதும் அவருக்கு லீவாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “வந்தா அவரும் இப்படித்தான் தூங்குவாருபோல.”

என் மகன் இங்கே தூங்குகிற தூக்கம் அங்கே யாருடைய கண்ணிலிருந்து எடுத்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் காபியைக் குடித்துவிட்டு, டப்பாவை என் மனைவியிடம் ஒப்படைத்து, “போயிட்டு வரேம்மா” என்று மெல்லச் சொல்லிக் கிளம்பினார்.

இரண்டொரு நாள் போயிருக்கும். காலையில் மகனின் போன் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை, நான் எடுத்தேன். யூனிட்டிலிருந்து ஒரு சுபேதார். என் ரயில்வே ஹிந்தியில் புரிந்தவரை விஷயம் இதுதான்: லால்குடிக்காரர் ஓட்டிய லாரி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. பிரேக் போட்ட தடம் சாலையில் இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், இடுப்பெலும்பு போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஓட்ட ஆள் இல்லை, உங்கள் மகனின் லீவு ரத்து, இன்றைக்கே ரயில் ஏறச் சொல்லுங்கள். சுபேதார் மரியாதையாகத்தான் பேசினார். அவர் குரலிலும் தூக்கம் இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. கூடத்துக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.

“எழுப்பாதீங்க. போனை அணைச்சுப் போடுங்க. கேட்டா அவன்கிட்ட நாமதான் சொல்லலன்னு சொல்லிக்கலாம். என்ன பண்ணிடுவாங்க?”

அணைத்தேன். முசுடு இல்லையா நான், இதற்குக்கூடவா அடம்பிடிக்கத் தெரியாது என்று உட்கார்ந்தேன். யாரிடம் போய்க் கத்துவது? ஒர்க்‌ஷாப்பில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார், அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல முடிந்தது. இங்கே என் எதிரில் நிற்பவர் யார்? மலைமேல் பட்டினியோடு நிற்பவனா, அந்தச் சுபேதாரா? இவன் போகாவிட்டால் இன்னொருவன் மூன்று பேர் வேலையைப் பார்ப்பான். அவனுக்கும் எங்கேயோ ஓர் அப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அந்த அப்பனைப் பற்றி எனக்கு என்ன, என் பிள்ளை தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது என் போன் அடித்தது. லால்குடிப் பெண்.

“அப்பா, கேள்விப்பட்டீங்களா?”

“கேட்டேம்மா.”

“எங்கிட்ட எல்லாம் ஹிந்தியிலயே சொல்றாங்கப்பா. ஒண்ணுமே புரியல. அண்ணன் போனாருன்னா அவரைக் கண்ணால பாத்துட்டு எனக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அந்த எள்ளுருண்டையையும் மறக்காம குடுக்கச் சொல்லுங்க. அண்ணன் எப்ப கிளம்பறாரு?”

பின்னால் ஏதோ குழந்தை அழுதது. அவர் மறுபடியும், “கிளம்பிடுவாருல்லப்பா?” என்றார்.

“கிளம்பிடுவாம்மா” என்றேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அந்த டப்பாவை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

கூடத்துக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டேன். வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

“வண்டிய நிறுத்திட்டுத்தானே தூங்கினேன்?”

“நிறுத்திட்டுத்தாம்ப்பா தூங்கின. வீட்லதான் இருக்கே.”

கண்ணைத் திறந்தான். சொன்னேன். ஜோடிக்காரர் பெயரை ஒருமுறை சொன்னான். முகம் கழுவி வந்து பையில் துணியை அடுக்கினான். எள்ளுருண்டை டப்பாவை நடுவில், உடையாதபடி வைத்தான். வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டினான். ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது.

அவன் அசையவில்லை. போய்ப் பார்த்தேன். ஒரு ஷூவின் கயிற்றைக் கட்டி முடித்து, இன்னொன்றின் கயிறு கையில் இருக்கும்போதே தூங்கியிருந்தான்.

குனிந்து அந்தக் கயிற்றை நான் கட்டினேன். கட்டிவிட்டு, அவனை மறுபடியும் எழுப்பினேன்.