உருளாத கோரை

இன்று காலை சிதம்பரத்தில் என் வீட்டுப் புல்தரையில் ஒரு கோரையைக் கிழங்கோடு தோண்டி, நகத்தால் கீறினேன். கற்பூரம் கலந்த மண் வாசனை எழுந்தது. உடனே நான் கடலூர் வீட்டில், ஆறாம் வகுப்பில், ஒரு புரட்டாசி மாதத்தில் இருந்தேன்.

அப்பா ஆசையாக வளர்த்த அருகம்புல் தரையில் கோரை ஏறியிருந்தது. எத்தனை முறை பிடுங்கினாலும் திரும்ப வந்தது.

"பேசாம சிமெண்ட்டு போட்டுடுங்க மச்சான். இதுல தொல்லை ஜாஸ்தி" என்றார் அம்மாவின் அண்ணன். மனம் தளர்ந்த அப்பா, பொங்கல் கழிந்ததும் போட்டுவிடலாம் என்றார்.

எனக்கு அப்போதே தேதி குறிக்கும் பைத்தியம். பிடுங்கிய இடங்களில் குச்சி நட்டு, கிழித்த காலண்டர் தாள்களின் பின்புறம் எழுதி வந்தேன். ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு குச்சியின் அடியிலும் கோரை தலைகாட்டியது.

"அப்பா, இது புதுசா வரல. அடியில என்னமோ இருக்கு."

தோண்டினோம். சரம் சரமாகக் கிழங்குகள். அன்றிலிருந்து தினமும் மாலையில் இருவரும் களைக்கொத்தியோடு உட்கார்ந்தோம்.

காணும் பொங்கலன்று வந்த மாமா, கோரை மிச்சம் இருக்கிறதா என்று முட்டி போட்டுத் தேடினார். "இதோ ஒண்ணு!" என்று ஒரு தண்டைப் பிடுங்கிக் காட்டினார்.

"வெரல்ல உருட்டிப் பாருங்க மாமா. கோரைன்னா மூணு பட்டை இருக்கும், உருளாது."

அது வழவழவென்று உருண்டது. அருகம்புல்!

"ஒங்க பொண்ணு என்னையே புல்லு புடுங்க வச்சிட்டா பாருங்க மச்சான்!"

அந்தத் தரையில் சிமெண்ட் விழவே இல்லை.

இன்றைய கிழங்கையும் முழுதாக எடுத்துவிட்டேன். இருந்தாலும் அங்கே ஒரு குச்சி நட்டு, தேதியை எழுதி வைத்தேன்.