மடியை உதற மாட்டேன்

போடியில் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிற பொம்பளைகளில் நானும் ஒருத்தி. மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்குகிற காயை முறத்தில், எங்கள் பேச்சில் சொளகில், கொட்டி, கொழுத்தது, சிறுத்தது, வெடித்தது, பூச்சி விழுந்தது என்று பிரித்துப் போடுவது எங்கள் சோலி. கண் சொளகை விட்டு நகரக் கூடாது. காது எங்கே மேய்ந்தாலும் யாருக்கும் கவலையில்லை. அதனால் ஆளுக்கொரு போன் பக்கத்தில் பாடிக்கொண்டே கிடக்கும்.

என் போனில் முதலில் சீரியல்தான் ஓடியது. மாமியார் விஷம் வைப்பதும் மருமகள் பிழைத்து வருவதும், எத்தனை வருஷம்தான் கேட்பது? ஒருநாள் எரிச்சலில் எதையோ அமுக்கப்போக, பனிக்கட்டி தேசத்து ஆட்கள் மீனைப் பச்சையாகத் தின்பதைப் பற்றி ஒரு குரல் நல்ல தமிழில் சொல்ல ஆரம்பித்தது. “உப்பாச்சும் போட்டானாமா?” என்றாள் எனக்கு அடுத்து உட்காரும் மதினி. அவள் கேரளா எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், பாதிப் பேச்சு மலையாளமாக இருக்கும். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்கு அந்தக் கிறுக்கு. டாக்குமெண்டரி என்று என் மகள் சொன்னாள். நாங்கள் வைத்த பேர் நெசப்படம்.

பாலைவனத்தில் உப்பு மூட்டை ஏற்றிப் போகிற ஒட்டகம், ஆட்களைக் கப்பலில் விறகு மாதிரி அடுக்கிக்கொண்டு போன கதை, எல்லாம் கேட்டோம். அணை கட்டுவதற்காக ஒரு ஊரையே கிளப்பிவிட்ட படம் ஓடிய அன்று பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். முதலாளி உள்ளே வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போனார். படம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அப்போதெல்லாம் அவருக்கு அது வெறும் சத்தம்.

எங்கள் குடோனில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் சூப்பர்வைசர் தம்பி நிற்பான். ஒவ்வொருத்தியும் அவன் முன்னால் நின்று முந்தானையை விரித்து, இடுப்பு மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். காய் ஒளித்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அவன் கேட்பதற்கு முன்னாலேயே உதறுவோம், சிரித்துப் பேசிக்கொண்டே உதறுவோம். அது எந்த அளவுக்குப் போயிற்று என்றால், சிலமலையில் சொந்தக்காரர் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு மண்டப வாசலைத் தாண்டும்போது, நானும் மதினியும் எங்களை அறியாமல் மடியை அவிழ்த்து உதறிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால். “என்னத்தா, பந்தியில வடையத் தூக்குனீகளா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் படம் ஒரு மழைநாளில் ஓடியது. குரங்கணிப் பக்கம் மேகம் இறங்கிக் கிடந்தது, குடோனுக்குள் பகலிலேயே லைட்டு. எங்கேயோ ஒரு தேசத்தில் வைரம் தோண்டுகிற சுரங்கம். வேலை முடிந்து வெளியே வருகிறவர்களைச் சோதனை போடுகிறார்கள் என்று குரல் சொல்லியது. வாயைத் திறக்கச் சொல்வார்களாம், துணியை உதறச் சொல்வார்களாம். “ஏ, காட்டு” என்றாள் மதினி. போனை எடுத்து நடுவில் வைத்தேன், எல்லார் கையும் நின்றுவிட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஆட்கள் வரிசையாக நின்று கையை விரிக்கிறார்கள். அப்போது அந்தக் குரல் சொல்லியது, மனிதரை மனிதர் இப்படி அவமானப்படுத்திய காலம் ஒன்று இருந்தது, நல்லவேளை, அது முடிந்துவிட்டது என்று.

முடிந்துவிட்டதாம். தினமும் நான் சிரித்துக்கொண்டே செய்கிற காரியத்துக்கு அவமானம் என்று பேர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லையே. எங்கேயோ இருக்கிறவன் எடுத்த படம் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் வாசலில் நான் நிற்காமல் நடந்தேன்.

“யக்கா, மறந்துட்டீகளா?” என்றான் தம்பி.

“மறக்கலப்பா. உதற மாட்டேன்.”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் முதலாளியைக் கூப்பிட்டான். “இத்தன வருசமா இல்லாத ரோசம் இன்னைக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு?” என்றார் முதலாளி. “படத்துல இருந்து வந்துச்சு” என்றேன். “அப்ப அந்தப் படம் எடுத்தவன்கிட்டயே போயி வேல கேளு, நாளைக்கு இங்க வராத” என்றார். மதினி என் முழங்கையைக் கிள்ளி, “மதி, மதி, விட்டுரு” என்றாள். போதும் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். பிறகு அவள் உதறிவிட்டுத்தான் வெளியே வந்தாள். எல்லாரும் உதறினார்கள்.

பயம் இல்லாமல் இல்லை. எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, மலைச் சரிவில் ஏறிக் காய் எடுக்க இனி ஆகாது. டவுனுக்குள் உட்கார்ந்து பார்க்கிற சோலி இது ஒன்றுதான். மகள் மதுரையில் படித்துக்கொண்டிருக்கிறாள். இது போனால் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். அவ்வளவும் தெரிந்துதான் மறுநாள் காலையில் பஸ்சு ஏறி, வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தேன். வராதே என்று அவர் சொன்னார். சரி என்று நான் சொல்லவில்லையே.

தம்பி எல்லார் சொளகிலும் காய் கொட்டினான், என் சொளகை மட்டும் தாண்டிப் போனான். வெறும் சொளகை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மதினி, என் முகத்தைப் பார்க்காமலே, தன் சொளகிலிருந்து இரண்டு கை காயை அள்ளி என் சொளகில் போட்டாள். பின்னாலிருந்தும் ஒரு கை வந்தது. மத்தியானத்துக்குள் எல்லாரையும் விட என் சொளகில்தான் காய் அதிகம். மறுநாள் ஏலம், லோடு போயாக வேண்டும். முதலாளி பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவரே வாசலில் வந்து நின்றார். நான் முன்னால் போவதற்குள் மதினி முந்திக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னாள்: “மொதலாளி, உள்ள வெளிய போறப்ப நீங்களும் வேட்டிய ஒருவாட்டி ஒதறிக் காட்டுங்க. நாங்களும் ஒதறுறோம்.”

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் மொத்தப் பேரும் சிரித்தோம். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது, கை தானாக வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அவர் வாய் திறப்பதற்குள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வெளியே வந்துவிட்டோம். ஒரு மடிகூட அவிழவில்லை.

சும்மா விடுவாரா? என்னைத் தூக்கிச் சல்லடை மிஷின் பக்கத்தில் உட்கார வைத்தார். நாள் முழுக்கத் தூசி, ஓயாத இருமல். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சுவரில் பெரிய டிவி வந்திருக்கிறது, நாள் முழுக்கச் சீரியல். நெசப்படத்தை நான் வீட்டில் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் சொல்கிறேன். வாயையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், பார்ப்போம்.

மடியை உதறச் சொல்வதற்குப் பதிலாக, போன வாரம் வாசலுக்கு மேலே கேமரா மாட்டினார்கள். முதலாளி அறைக்குள் உட்கார்ந்து எங்களையே படம் பார்க்கிறாராம். அன்று சாயங்காலம் கடைசி ஆளாக வந்து அதற்கு நேர் கீழே நின்றேன். “தம்பி, என் மூஞ்சி நல்லாத் தெரியுதான்னு உள்ள கேட்டுச் சொல்லு” என்றேன். அவன் வந்து கதவைப் பூட்ட வேண்டுமென்று கெஞ்சும் வரைக்கும், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.