முதலில் முகத்தைத் திருப்பு

கண்ணாத்தாளுக்கு என்மேல் ஒரு கோபம் உண்டு. நியாயமான கோபம். அது என்ன என்று சொல்வதற்கு முன் அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரில் நான் ஏழு வருஷம் அரசாங்க நர்ஸாக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கண்ணாத்தாள் அந்த ஊர்க் கீழத்தெருவில் பிறந்தவள். நடவு, களை, அறுவடை என்று கூலி வேலை. பன்னிரண்டு வயதில் முதல் வலிப்பு. பதினெட்டில், நோயைச் சொல்லாமல் வீரையன் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் சந்தையில் விழுந்தாள். அன்று சாயங்காலமே அவளைப் பிறந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

"விழுந்ததுக்கா போனான்? மறைச்சதுக்குப் போனான். முன்னாடியே சொல்லியிருந்தா கட்டியிருக்கவே மாட்டான், எனக்கும் மூணு மாசம் மிச்சம்" என்பாள். அழுது நான் பார்த்ததில்லை.

ஊரில் முக்கால்வாசி நஞ்சை குஞ்சிதபாதம் பண்ணையுடையது. அவர் வயல் பக்கம் வருவதில்லை. எல்லாம் காரியக்காரர் நடராசன்தான். அறுவடைக் கூலி நெல்லை அளக்கிறபோது மரக்காலைக் குவித்து அளக்காமல் தலைதட்டி அளக்கிறார்கள் என்று களத்தில் முதலில் சத்தம் போட்டவள் கண்ணாத்தாள். அதிலிருந்து பண்ணைக்கு அவளைக் கண்டால் ஆகாது.

எழுபத்தேழு ஐப்பசி, இரண்டாம் போகமான தாளடி நடவில் தர்மாம்பாள் என்ற பெண் செத்துப்போனாள். பத்தொன்பது வயது. அவளுக்கும் வலிப்பு உண்டு. வயலில் குப்புற விழுந்தாள். எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பார்கள். வீட்டில் என்றால் சாவிக்கொத்து, களத்தில் என்றால் அரிவாள். நடவு வயலில் இரும்புக்கு எங்கே போவது? வயலுக்குத் தண்ணீர் நுழைகிற தலைமடையில் ஒரு மண்வெட்டி கிடந்தது. அதை எடுக்க ஒருத்தி ஓடினாள். இழுக்கிற உடம்பைத் தொட்டால் தொட்டவளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று மற்றவர்கள் விலகி நின்றார்கள். வயலில் தண்ணீர் நாலு விரற்கடை. அது போதும். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கையில் மண்வெட்டிக் காம்பைச் சேர்த்துப் பிடிக்க வைத்திருந்தார்கள். முகம் சேற்றில்.

மண்வெட்டிக்கு ஓடியவள் கண்ணாத்தாள்.

அடுத்த மாசியில், ஊருக்கு ஒருவரைச் சுகாதாரப் பணியாளராக எடுத்துப் பயிற்சி கொடுக்கும் திட்டம் எங்கள் பக்கம் வந்தது. சென்னையில் ஆட்சி கைமாறி ஒரு வருஷம் ஆகவில்லை. எங்கள் ஊரில் கைமாற வேண்டியது நிலம், அது மாறவில்லை. ஆனால் மருந்துப் பை வந்தது. கீழத்தெரு கூட்டம் போட்டுக் கண்ணாத்தாள் பெயரைச் சொன்னது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். பண்ணை வேறு ஒருத்தியை மனதில் வைத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பத்து ஊரிலிருந்து பத்துப் பெண்கள் வந்தார்கள். எனக்குக் கொடுத்த பாடப் புத்தகத்தில் பேதி இருந்தது, அம்மை இருந்தது, வலிப்பு இல்லை. நானே சேர்த்தேன். இரும்பு வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதே. கைகாலை அமுக்கிப் பிடிக்காதே. முதலில் முகத்தைத் திருப்பு. தண்ணீரில் விழுந்தால் தண்ணீரை விட்டுத் திருப்பு. ஒருக்களித்துப் படுக்க வை. எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று எண்ணு. ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. இது ஒட்டுகிற நோய் இல்லை. தினம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படும். திடீரென்று நிறுத்தினால் மோசமாகும்.

கண்ணாத்தாள் எழுந்து நின்றாள்.

"இவ்வளவுதானா நர்சம்மா?"

"இவ்வளவுதான்."

"இதைச் சொல்ல அரை மணி நேரம்கூட ஆவல. மூணு வருசமா எங்க ஊர்லதானே இருக்கீங்க? தர்மாம்பா இருந்தப்ப சொல்றதுக்கு என்ன?"

பிரசவமும் தடுப்பூசியும்தான் என் வேலை என்று நினைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை, சொன்னால் விட்டிருக்க மாட்டாள். மறுநாள் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை ஆரம்பித்தது. மாதம் நாலு தடவை வந்த வலிப்பு, ஆனி மாதத்துக்குள் மொத்தமே இரண்டு தடவைதான் வந்தது. அவளே கீழத்தெருவில் இன்னும் மூன்று பேரைக் கண்டுபிடித்து மாத்திரைக்குக் கூட்டி வந்தாள்.

அப்போதுதான் மனு போனது. வலிப்பு நோய்க்காரி கையில் மருந்துப் பை கொடுத்திருக்கிறார்கள், ஊருக்கு ஆபத்து, வேறு ஆளைப் போட வேண்டும் என்று. விசாரிக்கச் சுகாதார அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நான் கண்ணாத்தாளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு. இப்போதுதான் கட்டுக்குள் இருக்கிறதே. மறைத்துவிடு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கப்பனும் இதையேதான் சொன்னாரு" என்றாள்.

அதிகாரி வந்தார். காரியக்காரர் நடராசனும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு வலிப்பு உண்டாம்மா?"

"உண்டுங்க. பதினெட்டு வருசமா. மாத்திரை திங்கிறேன். நாலு மாசத்துல ரெண்டு தடவதான் வந்துச்சு."

"ஊசி போடுகிறபோது வந்தால்?"

"நான் எங்க ஊசி போடறேன்? பேதிக்கு உப்பும் சக்கரையும் கலந்து குடுக்கிறேன், புண்ணுக்கு மருந்து வெக்கிறேன். நான் வலிப்பு இல்லைன்னு பொய் சொல்லிட்டு, இன்னொருத்திகிட்ட போயி மறைக்காம மாத்திரை தின்னுடின்னு எந்த வாயால சொல்றதுங்க?"

நடராசன் குறுக்கே வந்தார். "ஐயா, இந்த வருசம் இவளை வயல்லயே இறக்கப் போறதில்ல. போன வருசம் மாதிரி ஒருத்தி செத்து வெச்சா பண்ணை தலையிலதான் விழும். வயல் வேலைக்கே லாயக்கில்லாதவ வைத்தியம் பாக்கறாளாம்."

அதிகாரி பேனாவை மூடினார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "நடவு வேலைக்கே ஆகாது என்று ஊரில் சொன்னால் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? பதினைந்து நாள் கழித்து வருகிறேன். அவள் வயலில் வேலை செய்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் வேறு ஆள்" என்றார்.

பை போவதும் இருப்பதும் நடவில் வந்து நின்றது.

நடவுப் பெண்கள் மொத்தம் இருபது பேர். ஒரே வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி, கை எட்டும் தூரத்தில். கண்ணாத்தாள் இதை வைத்துத்தான் கணக்குப் போட்டாள். ஒரு வாரம் சாயங்காலம் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். இடப்பக்கம் ரெங்கம்மாள்: விழுந்த உடனே முகத்தைத் திருப்பித் தலையை மடியில் வாங்க வேண்டும். வலப்பக்கம் தங்கம்மாள்: சத்தமாக எண்ண வேண்டும். மற்றவர்கள் நட்டுக்கொண்டே போக வேண்டும். "நின்னு வேடிக்கை பாத்தீங்க, எந்திரிச்சு வந்து செவுள்ல விடுவேன்."

மேட்டூர்த் தண்ணீர் வந்து வயல் சேறாகித் தயாராக இருந்தது. முதல் நாள் இருபது பேரும் வரப்பில் வந்து நின்றார்கள்.

"கண்ணாத்தா போகட்டும். மத்தவளுங்க இறங்குங்க" என்றார் நடராசன்.

யாரும் இறங்கவில்லை.

"காது கேக்கலையா?"

"கேக்குதுங்க. இருபது பேருன்னா இறங்குறோம்" என்றாள் ரெங்கம்மாள். "பத்தொம்பது பேருக்கு நடத் தெரியாது."

"அவ விழுந்து செத்தா?"

"எங்க கை என்ன பூப்பறிக்கவா போவுது?"

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வெளியூர் ஆள் தேடி நடராசன் சைக்கிளில் திருவையாறு வரை போய்வந்தார். எல்லா ஊரிலும் நடவு நேரம், யார் வருவார்கள்? நாற்றுக்கு இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. குறுவை நாற்று அதற்கு மேல் முற்றினால் தூர் கட்டாது, விளைச்சல் போய்விடும். அது பண்ணைக்குத் தெரியும், பெண்களுக்கும் தெரியும். நாலாம் நாள் காலை நடராசன் வரப்பில் நின்று வேறு எங்கோ பார்த்தபடி, "இறங்கித் தொலைங்க" என்றார்.

நானும் போயிருந்தேன். "நீங்க வரப்ப விட்டு இறங்கக் கூடாது நர்சம்மா. நீங்க இறங்கினா நர்சம்மா காப்பாத்தினாங்கன்னு ஆயிரும்" என்று கண்ணாத்தாள் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

மூன்று நாளாகக் கவலையில் அவள் சரியாகத் தூங்கவில்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று நான் சொல்லிக்கொடுத்ததுதான். பத்தேகால் மணிக்கு அவள் கையிலிருந்த நாற்று நழுவியது. விழுந்தாள்.

முகம் தண்ணீரைத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். ரெங்கம்மாள் திருப்பிவிட்டாள். சேற்றில் அப்படியே உட்கார்ந்து தலையை மடியில் ஒருக்களித்து வாங்கினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தங்கம்மாள் கத்தினாள். மற்றப் பதினேழு பேரும் குனிந்த தலை நிமிராமல் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றேன்.

"இரும்பு! இரும்பு எடுத்தாங்கடி!" என்று நடராசன் அலறினார். ஒருத்தியும் திரும்பவில்லை. அவரே வேட்டியை மடித்துக்கொண்டு தலைமடைக்கு ஓடினார்.

தங்கம்மாள் நூற்றுப் பத்து எண்ணும்போது இழுப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாத்தாள் கண்ணைத் திறந்தபோது எதிரே முழங்கால் சேற்றோடு, மூச்சு வாங்க, மண்வெட்டியை நீட்டிக்கொண்டு காரியக்காரர் நின்றார்.

அவள் அதைப் பார்த்தாள். நாக்குக் குழறியது. "எதுக்குங்க மண்வெட்டி? மடை அடைக்கவா?"

பதினேழு பேரும் அப்போதுதான் நிமிர்ந்தார்கள். சிரிப்பு அடுத்த வயல் வரை கேட்டது. நடராசன் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

வரப்பில் ஒரு மணி நேரம் படுக்க வைத்தேன். வீட்டுக்குப் போ என்றேன். வயலைக் காட்டினாள். வரிசை பின்னால் போயிருந்தது, ரெங்கம்மாளும் தங்கம்மாளும் தங்கள் பங்கை நட்டு எட்டிப் பிடித்திருந்தார்கள். நடுவில் அவள் பங்கு மட்டும் நடாமல் வெறும் சேறாக, நீளமாகக் கிடந்தது. "அதை அப்படியே விட்டா அதிகாரி வந்து பாப்பாரு" என்றாள். ரெங்கம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை நட்டு முடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

அதிகாரிக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நாலாம் நாள் வயலில் இறங்கி ஒழுங்காக வேலை செய்தாள் என்று தொடங்கினேன். பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தவள் விரலை வைத்து நிறுத்தினாள். "விழுந்ததை எங்க காணும்? அதையும் எழுதுங்க."

எழுதினேன். காலை பத்தேகால். இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. முகம் திருப்பப்பட்டது. இரும்பு கொடுக்கப்படவில்லை. காயமில்லை. அன்றைய நடவு முடிக்கப்பட்டது.

அதிகாரி இரண்டு முறை வாசித்தார். "இந்தப் பெண்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது? நீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் கண்ணாத்தாள்.

நடராசனைப் பார்த்தார். நடராசன் தன் காலைப் பார்த்தார். "தற்காலிகமாகத் தொடரலாம், மறு உத்தரவு வரும்வரை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. மறு உத்தரவு வரவேயில்லை. திட்டம் நின்றுபோன பிறகும் அவள் பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் துணியவில்லை.

அடுத்த பயிற்சியிலிருந்து வலிப்புப் பாடத்தை நான் எடுக்கவில்லை. அவள் எடுத்தாள். தரையில் தானே விழுவாள். பக்கத்தில் ஒரு சாவிக்கொத்தை வைத்திருப்பாள். பழக்க தோஷத்தில் எவள் கை சாவியைத் தேடுகிறதோ அவள் மறுபடி முதலிலிருந்து. எவள் அவள் முகத்தைத் திருப்புகிறாளோ அவள் போகலாம். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் மூலையில் உட்கார்ந்திருக்கிற என்னைக் கைகாட்டுவாள்.

"இவங்கதான் என்னை மறைக்கச் சொன்ன நர்சம்மா. மத்ததெல்லாம் நல்லாச் சொல்லிக் குடுப்பாங்க. அதை மட்டும் கேக்காதீங்க."