தொடாமல் வாங்கிய ஆசி

எரிமலைப் பூங்காவில் பாதைகளைச் சீர்செய்வது வெர்னா மெனிகோட்ஸின் வேலை. வெயில் காயும் பாம்பை விளக்குமாற்றால் ஓரங்கட்டுவாள். தாண்ட மட்டும் மாட்டாள். நவஹோ பழங்குடி வீட்டில் பிறந்த யாரும் தாண்ட மாட்டார்கள். கோடை மழைக்கு மண்ணைப் பிளந்து வரும் தேரைகள் நசுங்காமலிருக்க, பூங்கா வண்டிக்கு முன்னால் அவற்றை விரட்டக் கத்திக்கொண்டே நடப்பாள்.

கொம்பு ஓணானைக் கண்டால்தான் கை சும்மா இருக்காது. எங்கள் நவஹோ சனத்துக்கு அது தாத்தா. எடுத்து நெஞ்சில் வைத்து, வணங்கி விட்டுவிட்டால் ஆபத்து அண்டாது.

பூங்காவின் உயிர்களைத் தொடக் கூடாது; மேலதிகாரி கார்லுக்கு அது விதிமீறல். போன வருடம் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை எடுத்தீங்கன்னா வேலை போயிடும், வெர்னா” என்று கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், விதியை எழுதியது அவரில்லை.

இந்த வருடம் மகள் ஷாண்டீன் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் சேர்ந்தாள். அவளுக்கு ஆசி வாங்கத் தாத்தாவைத் தேடித் தேடி வெர்னாவுக்குக் கண் பூத்துப்போனது. மகள் விடைபெற வந்த மத்தியானம்தான் அந்த ஓணான் தாத்தா பாதை நடுவே உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி கார்லும் நின்றிருந்தார்.

“எடும்மா!” என்றாள் ஷாண்டீன்.

“எடுத்தா வேலை காலி. நீ குப்புறப் படு.”

“என்னது?”

“அவருக்கு வெயில் தாங்கலை. உன் நிழலுக்கு அவரே வருவாரு. படுடி!”

ஷாண்டீன் கருஞ்சரளையில் முழங்கையூன்றிப் படுத்தாள். “தீக்குப் போறதுக்கு முன்னாடியே வெந்துடுவேன் போல.”

“வாயை மூடு.”

கார்ல் வந்தார். “என்ன நடக்குது இங்க?”

“பொண்ணு படுத்திருக்கா. படுக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?”

கார்ல் குனிந்து பார்த்தார். அவருடைய நிழல் ஓணான் மேல் விழுந்து, அது அங்கேயே சுகமாக அமர்ந்துவிட்டது.

வெர்னா அவர் பக்கம் திரும்பினாள். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கார்ல். தயவுசெஞ்சு.”

அவர் விலகினார். வெயில் பட்டதும் ஓணான் விறுவிறுவென்று ஓடி ஷாண்டீனின் நெஞ்சுக்கடியில் புகுந்தது. அதன் முள்முதுகு அவள் சட்டையில் உரசியது.

“வணக்கம் தாத்தா,” என்றாள். குரலில் கிண்டல் இல்லை.

பூங்கா வாசலில் தீயணைப்புக் குழுவின் வண்டி ஹாரன் அடித்தது. ஷாண்டீன் அசையவில்லை.

“எவ்வளவு நேரம் இப்படி?” என்றார் கார்ல்.

“அவரா போற வரைக்கும்,” என்றாள் வெர்னா.

கார்ல், வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்ல வாசலுக்கு ஓடினார்.