எட்டாம் கூண்டு முயல்

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முயல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை காசிமாயனுக்கு. பரவை மார்க்கெட்டில் முயல்களுக்காகத் தினமும் அவர் வாங்கும் மல்லித்தழைக் கட்டுகளைப் பார்த்துவிட்டு, ஆள் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார் என்றே கடைக்காரம்மா நம்பியிருந்தார். காசிமாயனும் மறுக்கவில்லை. உள்ளதைச் சொல்லப்போனால் சிறுநீர்க் குழாய் வரைக்கும் பேச வேண்டியிருக்கும்.

டாக்டர் ரம்யாஸ்ரீயின் ஆராய்ச்சி அதைப் பற்றியதுதான். சிறுநீர்க் குழாய் சுருங்கிப்போனால், கன்னத்தின் உட்பக்கத் தோலைக் கொஞ்சம் எடுத்து அங்கே வைத்துத் தைப்பார்கள். வாயைப் புண்ணாக்காமல், சோதனைக்கூடத்தில் வளர்த்த தோலை வைத்தால் தாங்குமா என்று அவர் முயல்களில் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி முயல்களுக்குப் பழைய முறை, பாதிக்குப் புதியது.

புதுத்தோல் வைத்த எட்டாம் கூண்டு முயல் நன்றாகத் தின்றது. முன்பு எடுத்த எக்ஸ்ரேயும் சரியாக இருந்தது. ஆனால் எப்போதும் ஒரே மூலையை நனைக்கிற அந்த முயல், ஆறாவது வாரம் கூண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தது. குழாய் மறுபடி சுருங்குகிறது என்று காசிமாயன் டாக்டரிடம் போய்ச் சொன்னார்.

"எப்படிண்ணே இம்புட்டு உறுதியாச் சொல்றீங்க?"

காசிமாயன் தரையைப் பார்த்தார். "அது முக்குறது எனக்குத் தெரியும் மேடம். ரெண்டு வருசமா எனக்கும் அப்பிடித்தேன்."

ஆனையூரில் பைக் சறுக்கி, கால்களுக்கு நடுவே பெட்ரோல் டேங்க் இடித்த நாளிலிருந்து இந்தத் தொல்லை. பாத்ரூமில் கால்மணி நேரம் நின்றால், போன் பார்க்கிறார் என்று மனைவி ரெங்கம்மாள் ஏசுவார். அதுவே வசதி என்று விட்டுவிட்டார். இதே நோய்க்கு வைத்தியம் தேடும் இடத்தில் வேலை பார்த்தும், டாக்டர் பெண் என்பதால் கேட்க வாய் வரவில்லை.

ரம்யாஸ்ரீ சிரிக்கவில்லை. மறுநாளே முயலுக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். காசிமாயன் சொன்னது சரி. அவரையும் தனக்குத் தெரிந்த ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் அனுப்பினார். போகும்முன் காசிமாயனுக்கு ஒரே ஒரு சந்தேகம். தனக்கு வைக்கப்போவதும் எட்டாம் நம்பருக்கு வைத்ததுதானா?

"இல்லண்ணே. கன்னத்துத் தோல்தான். ரொம்ப வருசமா மனுசங்களுக்குச் செய்றது."

"அப்பச் சரி. போறேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு வாயில் தையல், ஆறிய கஞ்சி, மூன்று வாரம் சிறுநீர் வடிய ரப்பர் குழாய். அதை எடுத்த அன்று ஆஸ்பத்திரிக் கழிவறையில் அவர் நின்றது அரை நிமிஷம். வெளியே வந்து, ரெங்கம்மாள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி முழுத் தண்ணீரையும் குடித்தார். இரண்டு வருஷம் பயந்து பயந்து குடித்த தண்ணீர்.

வேலைக்குத் திரும்பியபோது எட்டாம் கூண்டு காலி. திசுவைப் பரிசோதிக்க, மயக்கத்திலேயே அதன் உயிரை எடுக்க வேண்டியிருந்தது என்று டாக்டர் சொன்னார். புதுத்தோல் எந்த இடத்தில் தழும்பாகிறது என்று அதில்தான் தெரிந்ததாம். முறை அதுதான் என்று தெரிந்தும் அன்று காசிமாயனுக்குச் சோறு இறங்கவில்லை.

மற்றக் கூண்டுகளின் அடியில் இப்போது வெள்ளைத் தாள் விரித்திருந்தார்கள். ஈரம் எங்கே, எத்தனை இடத்தில் என்று தினமும் பார்த்து எழுதும் பொறுப்பு அவருக்கு. மூன்றாம் கூண்டுத் தாளை உருவினார். ஒரே மூலையில் நல்ல பெரிய ஈரம். நோட்டில் அதை எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.